கோடையில் முள்ளங்கி

"முள்ளங்கிப் பத்தைபோல நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்" என்று நம் நாட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். மடிப்புக் கலையாத புதுத் தாளுக்கு முள்ளங்கியின் வெள்ளைத் துண்டம் உவமையாயிற்று. வெண்மையும், நீர்ச்செறிவும், ஒடித்தால் படக்கென்று ஒடியும் தன்மையும் உடையதே நல்ல முள்ளங்கி என்னும் கருத்து அந்த உவமையில் அடங்கியிருக்கிறது. ஆனால், பங்குனி சித்திரை மாதங்களில் நம் வீட்டுக் கொல்லையில் விளையும் முள்ளங்கியைப் பார்த்தால், இந்த உவமையை முதலில் சொன்னவர் தை மாதத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். கோடை முள்ளங்கி பெரும்பாலும் எலிவால்போல மெலிந்திருக்கும். பருத்திருந்தால் உள்ளே நெட்டிபோல வெறுமையாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் வாயில் வைக்க முடியாதபடி காரமாக இருக்கும்.

இது ஏன் இவ்வாறு ஆகிறது? இதனைத் தவிர்க்க வழி உண்டா? இவ்விரண்டு கேள்விகளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். இக்கேள்விகளுக்கு நான் விடை தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மாணவர்களாகிய உங்களிடம் அதனை மறைப்பது முறையாகாது.

2003-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தின் வறண்ட பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். மழை பொய்த்திருந்த காலம் அது. பள்ளிக்குப் பின்புறம் செம்மண்ணில் நான்கு பாத்திகள் அமைத்து, கோடை விடுமுறைக்குள் ஒரு விளைச்சல் எடுத்துவிட வேண்டும் என்று எண்ணினேன். விரைவில் விளையும் காய்கறி எது என்று யோசித்தபோது முள்ளங்கி நினைவுக்கு வந்தது. நீலகிரிக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் நல்ல விதை என்று கொணர்ந்து தந்தார். மார்ச் 10-ஆம் நாள் விதைத்தோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானே விரும்பி ஏற்றுக்கொண்டான்.

ஏப்ரல் 25-ஆம் நாள் பள்ளி முழுதும் கூடி நிற்க, முதற் செடியைப் பிடுங்கினேன். தழை முழங்கால் உயரம். வேரோ சுண்டுவிரலினும் மெல்லியது. அடுத்ததைப் பிடுங்கினேன், அது நெடுக வெடித்திருந்தது. மூன்றாவதை வெட்டிப் பார்த்தால் நடுவே பஞ்சு. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சினம் மூண்டது. அந்த மாணவனை அழைத்து, "ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் இப்படி ஆகுமா? பொறுப்பை ஏற்றுக்கொண்டு ஏமாற்றிவிட்டாயே!" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து நின்றான். "இல்லை ஐயா, ஊற்றினேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் என் மேசைமீது ஒரு பழைய குறிப்பேடு இருந்தது. அவன் வைத்துவிட்டுப் போயிருந்தான். நாள்தோறும் எந்த வேளையில் எத்தனை குடம் ஊற்றினான் என்பதை அதில் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுபடவில்லை. ஓரிடத்தில் மட்டும் இடைவெளி இருந்தது: "மார்ச் 29, 30, 31: அடிகுழாய் பழுது, தண்ணீர் இல்லை. ஏப்ரல் 1: குழாய் சரியாயிற்று, ஒவ்வொரு பாத்திக்கும் ஐந்து குடம்." அந்தப் பழுதை முதல் நாளே அவன் என்னிடம் வந்து கூறியிருந்தான். "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டவன் நான்.

அன்றுதான் நான் முள்ளங்கியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பின்னர்ப் பயிரிட்டுக் கண்டதையும் இனிக் கூறுகிறேன்.

முள்ளங்கி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், கடுகு ஆகியவை அதற்கு உறவினர். இவற்றின் பூக்களில் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்திருப்பதைக் காணலாம். முள்ளங்கியில் நாம் உண்ணும் பகுதி முழுதும் வேர் அன்று. விதையிலைகளுக்குக் கீழே உள்ள இளந்தண்டு பருத்து மேற்பகுதியாகிறது. ஆணிவேர் பருத்துக் கீழ்ப்பகுதியாகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே நம் முள்ளங்கி.

செடி அதனை நமக்காகப் பருக்கச் செய்யவில்லை. பின்னால் பூத்துக் காய்க்கும் காலத்தில் செலவிடுவதற்காக உணவைச் சேர்த்து வைக்கும் பெட்டி அது. ஆகவே, வேர் பருக்குமா பருக்காதா என்னும் கேள்வி, ஒரு குடும்பத்தில் மிச்சம் பிடிக்க முடியுமா முடியாதா என்னும் கேள்வியைப் போன்றது. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

செடியின் வரவு இலைகளில் இருக்கிறது. சூரிய ஒளியின் துணைகொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து இலைகள் சர்க்கரையை ஆக்குகின்றன. செடியின் செலவு சுவாசத்தில் இருக்கிறது. இரவும் பகலும் செடியின் ஒவ்வோர் உறுப்பும் சுவாசிக்கிறது. அதற்குச் சர்க்கரையை எரிக்கிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் சுவாசத்தின் வேகம், ஓர் எல்லை வரையில், ஏறக்குறைய இரு மடங்காகும். குளிர்ந்த தை மாத இரவில் சிக்கனமாக இருந்த செடி, புழுக்கம் நிறைந்த சித்திரை இரவில் பெருஞ்செலவு செய்கிறது.

செலவு கூடுகிறது, வரவாவது கூடுமா என்றால், அதுவும் இல்லை. இலைகளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே வருவதும், நீராவி வெளியே செல்வதும் அவ்வாயில்கள் வழியாகவே. கடும் வெயிலில் வேர் அனுப்பும் நீர் போதாதபோது, செடி தன்னைக் காத்துக்கொள்ள அந்த வாயில்களை மூடிக்கொள்கிறது. நீர் வெளியேறுவது குறைகிறது. உடனே வாயு உள்ளே வருவதும் குறைகிறது. நண்பகலில் முள்ளங்கி இலைகள் துவண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது தொழிற்சாலை கதவடைத்துவிட்டது என்று பொருள். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அப்புறம் பெட்டியில் என்ன சேரும்?

முள்ளங்கி செம்மையாகப் பருப்பதற்கு ஏறத்தாழ 10 முதல் 20 பாகை வரையிலான வெப்பநிலை உகந்தது. நம் சமவெளிகளில் கத்திரி வெயிற் காலத்தில் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடுகிறது. குளிர்நாட்டு வகைகள் இங்கே தழையாகவே வளர்ந்து வேர் பருக்காமற் போவதற்குக் காரணம் இதுவே. என் மாணவன் இன்னும் பத்துக் குடம் ஊற்றியிருந்தாலும் அந்த நீலகிரி விதை எங்கள் ஊர்ச் சித்திரையில் உருண்டு திரண்டிருக்காது. விதையைத் தேர்ந்தவன் நான். பழியை ஏற்றவன் அவன்.

இனி, வெடிப்புக்கும் உள்வெறுமைக்கும் காரணம் காண்போம். மூன்று நாள் நீரின்றிக் காய்ந்தபோது வேரின் புறத்தோல் இறுகி நீளும் தன்மையை இழக்கிறது. நான்காம் நாள் திடீரென்று நிறைய நீர் கிடைத்ததும் உள்ளே உள்ள உயிரணுக்கள் நீரை உறிஞ்சி விம்முகின்றன. இறுகிய தோல் விட்டுக் கொடுக்க முடியாமல் வெடிக்கிறது. ஆகவே வெடித்த முள்ளங்கி, தண்ணீர் குறைந்ததை மட்டும் காட்டுவதன்று. குறைவும் மிகுதியும் மாறிமாறி வந்ததைக் காட்டுவது. அந்த மூன்று நாட்களின் வரலாறு அதில் எழுதப்பட்டிருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

உள்ளே பஞ்சாவது வேறொரு கதை. வேர் விரைந்து பருக்கும்போது நடுவிலுள்ள உயிரணுக்களுக்கு இலைகள் அனுப்பும் உணவு போதாமற் போகிறது. பட்டினியால் அவை செத்து, உள்ளிருந்த நீர் நீங்கி, அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. வெப்பம் மிகுந்தாலும், நீர் ஒழுங்கற்றுக் கிடைத்தாலும், அறுவடையைத் தாமதப்படுத்தினாலும் இக்குறை விரைவில் தோன்றும். 'இன்னும் ஒரு வாரம் விட்டால் இன்னும் பருக்குமே' என்னும் ஆசை முள்ளங்கிக்கு ஆகாது.

காரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் தனித்தனியே வைத்தால் சிவப்பு நிறம் எங்கும் இல்லை. இரண்டையும் குழைத்தவுடன் சிவப்பு தோன்றிவிடுகிறது. முள்ளங்கியின் காரமும் இத்தகையதே. கந்தகம் கலந்த ஒரு பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. நாம் கடிக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. மூக்கில் ஏறும் காரம் அப்போதுதான் பிறக்கிறது. கடுகை அரைத்தால் காரம் எழுவதும் இதனாலேயே. செடியைத் தின்ன வரும் பூச்சிகளை எதிர்க்க இது ஒரு படைக்கலம். வெயிலிலும் வறட்சியிலும் மெல்ல வளரும் முள்ளங்கியில் அந்தக் காரப்பொருள் செறிந்துவிடுகிறது. கொதிக்கின்ற குழம்பில் வெந்த முள்ளங்கி ஏன் காரமாக இல்லை என்று கேட்கலாம். வெப்பம் நொதியின் செயலை அழித்துவிடுகிறது; எழுந்த காரமும் ஆவியோடு போய்விடுகிறது.

வேறொரு தடை உண்டு. வேர் பருக்குமுன்பே சில செடிகள் பூந்தண்டு விட்டுவிடும். பகற்பொழுதின் நீளத்திற்கும் செடி பூப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை 1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர். முள்ளங்கி நீண்ட பகலில் விரைந்து பூக்கும் இயல்புடையது. ஆனால் இதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஜூன் மாதத்தில் லண்டனில் பகற்பொழுது பதினாறரை மணி நேரம் நீள்கிறது. டில்லியில் ஏறக்குறைய 14 மணி நேரம். சென்னையிலோ 13 மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. எனவே மேனாட்டுத் தோட்டக்காரரைக் கோடையில் வருத்தும் நீண்ட பகல் நம்மை அவ்வளவாக வருத்துவதில்லை. நமக்குப் பகைகள் இரண்டே: வெப்பமும் வறட்சியும்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து தேடுவது எளிது. முதல் மருந்து விதை. வெப்பத்தைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா சேத்கி என்னும் வகை, வடநாட்டில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையில் விதைப்பதற்கென்றே பரிந்துரைக்கப்படுவது. 40 முதல் 45 நாட்களில் விளையும். வெண்மையாகவும் காரம் குறைந்தும் இருக்கும். பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905-இல் அந்நிறுவனம் அங்கேதான் தொடங்கப்பெற்றது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின் 1936-இல் டில்லிக்கு மாறியது. ஊர் மாறினாலும் பெயர் விதைகளில் நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரில் உருவான கோ 1, பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா நிசாந்த் ஆகியவையும் நம் பகுதிக்கு அறிமுகமானவை. அர்க்கா நிசாந்த் எளிதில் உள்ளே பஞ்சாவதில்லை.

இரண்டாவது, நிலம். வேர் இடையூறின்றி இறங்க வேண்டுமானால் மண் ஒரு முழ ஆழம் வரையில் பொலபொலப்பாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் மண்ணில் செம்பாறைச் சரளைக்கல் மிகுதி. கல்லின்மேல் மோதிய வேர் இரண்டாகவும் மூன்றாகவும் கிளைத்துவிடும். ஆகவே சலித்துக் கல் நீக்கினோம். மக்காத சாணமும் வேரைக் கிளைக்கச் செய்யும். நன்கு மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது முள்ளங்கிக்குப் பொருந்தாது. ஆணிவேர் முறிந்தால் முள்ளங்கியின் வடிவம் கெட்டுவிடும். நேரே விதைப்பதே முறை.

மூன்றாவது, இடைவெளி. இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை எடுத்துக்கொள்வோம். 30 செண்டிமீட்டர் இடைவெளியில் மூன்று சிறு பார்கள் அமைத்து, பாரின்மேல் 10 செண்டிமீட்டருக்கு ஒரு குழியாக இரண்டு விதைகள் இட வேண்டும். ஆழம் ஒன்றரை அல்லது இரண்டு செண்டிமீட்டர் போதும். மூன்று முதல் ஐந்து நாட்களில் முளைத்துவிடும். பத்தாம் நாள் அளவில் குழிக்கு ஒரு செடியை மட்டும் நிறுத்தி மற்றதைக் கலைத்துவிட வேண்டும். முளைத்த செடியைப் பிடுங்க மாணவர்களுக்கு மனம் வராது; எனக்கும் வந்ததில்லை. ஆனால் ஒரு குழியில் இரண்டு நின்றால் இரண்டும் மெலியும். கலைத்த இளஞ்செடிகளைக் கீரையாகச் சமைக்கலாம், வீணாவதில்லை.

நான்காவது, தண்ணீர். வெயிலும் காற்றும் மிகுந்த கோடை நாளில் நிலத்திலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆறு மில்லிமீட்டர் அளவு நீர் ஆவியாகக்கூடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். அப்படியானால் இரண்டு சதுர மீட்டர் பாத்திக்கு 12 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குடம் நாள்தோறும் தேவை. இளஞ்செடிக்கு இதில் பாதி போதும். காலையில் ஒரு பகுதியும் மாலையில் ஒரு பகுதியும் பூவாளியால் ஊற்றலாம். இதில் முதன்மையானது அளவன்று, ஒழுங்கு. ஒரு நாள் ஊற்ற இயலாமற் போய்விட்டால், மறுநாள் இரண்டு நாள் நீரையும் ஒரே வேளையில் கொட்டாமல், சிறிது சிறிதாக ஊற்றி மண்ணைப் பழைய ஈரத்திற்குக் கொண்டுவர வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் செடிக்குக் கவலையில்லை. மேல்மண் நனைந்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஐந்தாவது, மூடாக்கும் நிழலும். வெறுமையான செம்மண்ணின் மேற்பரப்பு நண்பகலில் காற்றைவிடப் பல பாகை மிகுதியாகச் சூடேறும். செருப்பின்றி நடந்து பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முள்ளங்கியின் தோள்பகுதி அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. செடி நான்கு இலை விட்டதும், பார்களின் இடையே வைக்கோலையோ இலைச்சருகையோ மூன்று விரற்கடை கனத்திற்குப் பரப்பினால், மண் குளிர்ந்திருக்கும். ஈரமும் சீராக நிற்கும். பாத்தியின் மேற்புறத்தில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைச் சாய்த்து நிறுத்திப் பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்க வேண்டும். நிழலில் வரவு குறையாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. பிற்பகலில் இலையின் வாயில்கள் மூடிக் கிடக்கையில் அந்த வெயிலால் வரவு மிகுதியாக இல்லை. சூடு மட்டுமே மிஞ்சுகிறது. காலை வெயிலில் செடி சம்பாதிக்கட்டும். பிற்பகல் நிழலில் செலவைக் குறைக்கட்டும். நாள் முழுதும் நிழலில் வைத்தால் மீண்டும் தழையே மிஞ்சும்.

வறண்ட காலத்தில் இலைகளில் சிறு சிறு துளைகள் தோன்றினால், தத்தித் தாவும் சிறு வண்டுகளின் வேலை அது. இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சுவது அசுவினி. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளித்தால் இவை குறையும். உண்ணும் கீரையாதலால் கடும் நஞ்சுகளை நாடக் கூடாது.

வேர் மண்ணுக்குமேல் தலைகாட்டினால் மண் அணைக்க வேண்டும். 40-ஆம் நாள் தொடங்கி ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, வகைக்குரிய பருவம் வந்ததும் காலம் தாழ்த்தாமல் பிடுங்கிவிட வேண்டும். முந்திய மாலை இலேசாக நீர் விட்டு, காலைக் குளிர்ச்சியில் பிடுங்குவது நல்லது. பிடுங்கியவுடன் தழையை அறுத்துத் தனியே வைக்க வேண்டும். இல்லையேல் இலைகள் வேரின் நீரை இழுத்து ஆவியாக்க, முள்ளங்கி வதங்கிவிடும். எல்லா விதையையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளைக்கு ஒரு பாத்தியாக விதைத்தால், முற்ற விட வேண்டிய கட்டாயமும் நேராது.

இவையெல்லாம் நூலில் படித்துச் சொல்பவை மட்டும் அல்ல. அடுத்த ஆண்டு, 2004 மார்ச்சில், அதே நான்கு பாத்திகளில் ஒரு சோதனை செய்தோம். முதற் பாத்தியில் பழைய நீலகிரி விதை, மூடாக்கும் நிழலும் இன்றி. இரண்டாவதில் அதே விதை, மூடாக்கும் நிழலும் உடன். மூன்றாவதில் பூசா சேத்கி, மூடாக்கும் நிழலும் இன்றி. நான்காவதில் பூசா சேத்கி, இரண்டும் உடன். நான்கிற்கும் நீர் ஒரே அளவு. முதற் பாத்தி முந்திய ஆண்டின் கதையையே சொல்லிற்று. இரண்டாவதில் வேர் சிறிதே தேறியது. மூன்றாவதில் பருத்தது, ஆயினும் காரம் மிகுதி, சிலவற்றில் வெடிப்பும் இருந்தது. நான்காவதிலிருந்து பிடுங்கிய முள்ளங்கியை ஒடித்தபோது எழுந்த ஒலி கடைசி வரிசையில் நின்ற மாணவர்களுக்கும் கேட்டது.

ஒரு முறை நான்கு பாத்திகளில் கண்டதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஒரு பாத்தியின் மண் இயல்பாகவே நல்லதாக இருந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் பயிர்ச் சோதனையில் ஒரே முறையைப் பல பாத்திகளில், இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்து அறிஞர் ரொனால்டு ஃபிஷர் வற்புறுத்தினார். சோதனைகளை அமைக்கும் முறை பற்றிய அவருடைய நூல் 1935-இல் வெளிவந்தது. நாங்களும் மறு ஆண்டில் பாத்திகளை இடம் மாற்றிச் செய்து பார்த்தோம். முடிவு பெரிதும் மாறவில்லை.

அந்த மாணவனைப் பற்றி ஒரு சொல். குறிப்பேட்டைப் படித்த மறுநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்த நான், எல்லார் முன்னிலையிலுமே என் தவற்றைக் கூறி வருத்தம் தெரிவித்தேன். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியாது. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபின்பும் பல நாட்கள் அவன் தோட்டத்தின் பக்கம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மறு ஆண்டு நான்கு பாத்திகளைத் திட்டமிட்டபோது, "கணக்கு எழுத நல்ல ஆள் வேண்டும்" என்று வகுப்பில் பொதுவாகச் சொன்னேன். மாலையில் அவன் அதே பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து, "இதில் இன்னும் பக்கம் இருக்கிறது, ஐயா" என்றான். நான்கு பாத்திகளின் கணக்கும் அதில்தான் எழுதப்பட்டது.

மாணவ நண்பர்களே, உலகில் வெம்மை கூடிவரும் காலத்தில் நீங்கள் வாழப் போகிறீர்கள். பயிர் பொய்க்கும்போது யாரையேனும் பழிப்பது எளிது. காரணத்தைக் காண்பது கடினம். வீட்டுக் கொல்லையிலோ, மாடியில் ஒரு முழ ஆழமுள்ள தொட்டியிலோ, இந்தக் கோடையில் பத்து முள்ளங்கி விதைத்துப் பாருங்கள். விதைக்கும் நாளிலேயே ஒரு குறிப்பேட்டையும் தொடங்குங்கள். விதையின் பெயர், ஊற்றிய நீர், விடுபட்ட நாள் ஆகிய எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். முள்ளங்கி நன்றாக வந்தால் அடுத்த முறையும் வரவழைக்க அது வழிகாட்டும். வாராவிட்டால், ஏன் வரவில்லை என்பதை அதுவே சொல்லும். எனக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது.